கடல்காற்றுப் பட்டறையில் உளி துருப்பிடிக்காமல் இருக்க

குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. ஆனாலும் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களின் உளியைத் தின்பது மழையைவிட உப்புதான். கடல்காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழையில்லாத நாளிலும் துரு ஏறுவது அதனால்தான். கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம் மட்டும்தான் தொல்லை.

ஆகவே முதல் வேலை எண்ணெய் போடுவதல்ல, கழுவுவது. இரும்பைப் போய்க் கழுவுவதா என்று தயங்க வேண்டாம். உப்பின்மேல் எண்ணெய் பூசினால் அடியில் துரு தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைத்து, வெயிலில் சூடேற வையுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

லேசான துரு என்றால் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், 400 நம்பர் வாட்டர் பேப்பர் போதும். ஆனால் உளியின் தட்டையான பின்பக்கத்தில் பேப்பரை விரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள், விளிம்பு உருண்டுவிடும். பேப்பரைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, உளியைப் படுக்கவைத்துத் தேயுங்கள்.

துரு செதில் செதிலாக நின்றால் வினிகர்:

1. கைப்பிடியைக் கழற்றிவிட்டு, இரும்பு முழுதும் மூழ்கும்படி பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். பாதி வெளியே நின்றால் திரவம் நிற்கும் மட்டத்தில் அரித்துக் கோடு விழும்.

2. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, கம்பி பிரஷால் தேயுங்கள். கருப்புச் சேறாகக் கழன்று வரும். சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மோசமான துருவென்றாலும் ஓர் இரவுக்குமேல் வேண்டாம்.

3. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து அதில் முக்குங்கள். நுரைப்பு அடங்கியதும் கழுவித் துடையுங்கள்.

4. இங்கே டீ குடிக்கப் போகக் கூடாது. சில நிமிடத்திலேயே பழுப்பு படரும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ சூடாக்கி, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசிவிடுங்கள்.

துத்தநாகம் பூசிய சாமானை வினிகரில் போட்டால் பூச்சே போய்விடும். ஸ்பிரிங், ரம்பம் போன்ற கடினமான எஃகை அமிலத்தில் நெடுநேரம் ஊறவிட்டால் முறிந்துபோக வாய்ப்புண்டு. பிளீச்சிங் பவுடரை வினிகர் பக்கமே கொண்டுவராதீர்கள், விஷவாயு வரும்.

நம் ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான். தினமும் எடுக்கிற வெட்டுகத்திக்கு அது சரி. மாதக்கணக்கில் எடுத்துவைக்கும் உளிக்குப் பூசினால் காறிப்போய்த் தூசியைப் பிடித்துவைக்கும். மெஷின் எண்ணெயே நல்லது. இழைப்புளியின் அடிப்பக்கத்துக்கு மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். எண்ணெய் மரத்தில் ஏறினால் பாலிஷ் பிடிக்காது.

வைக்கும் இடம் சிமென்ட் தரையாகவோ கடலைப் பார்த்த ஜன்னலோரமாகவோ இருக்க வேண்டாம். அயினி, தேக்கு மரத்தூளைத் தட்டிவிட்டு வையுங்கள், தூள் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். மூடியுள்ள பெட்டியில் நீல சிலிக்கா ஜெல் போடலாம். இளஞ்சிவப்பாக மாறினால் மிதமான சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். தோலுறை வேலைக்குக் கொண்டுபோகும்போது மட்டும். உளியை அதற்குள்ளேயே விட்டுவைத்தால் தோலின் ஈரமே துருவைக் கொண்டுவரும்.