பெங்களூரில் காற்றேற மறுக்கும் கம்ப்ரஷன் பூட்ஸ்: எங்கே பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

கம்ப்ரஷன் பூட்ஸ் என்பது காலில் மாட்டினால் பம்பிலிருந்து காற்று ஏறி இறங்கிக் காலை அமுக்கிவிடும் உறை. டொராண்டோவில் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய அந்தப் பூட்ஸ், பெங்களூர் அல்சூரில் சொந்தக்காரர் வீட்டுக் கட்டிலில் கால் நீட்டிப் போட்டதும் 'உஸ்' என்று மூச்சுவிட்டுப் படுத்துக்கொள்ளும். உடனே பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பயணத்தில் அடிபடுவது பெரும்பாலும் குழாய் இணைப்பு. வந்த இடத்தில் மாறுவது கரண்ட். அதனால் முதலில் கரண்ட், அப்புறம் குழாய், பிறகு பூட்ஸ், கடைசியாகத்தான் பம்ப்.

அதற்கும் முன்னால் காலைப் பாருங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சிவந்தோ சூடாகவோ இருந்தால் பூட்ஸை மாட்டவே கூடாது. காலுக்குள் ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். இதய பலவீனம், காலில் ரத்த ஓட்டக் குறைவு, ஆறாத புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

இனி கரண்ட். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று இருக்கும் வரியைப் படியுங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். பேட்டரி வைத்த பூட்ஸ் பெரும்பாலும் இந்த வகைதான். 120 என்று மட்டும் போட்டிருந்தால், அதுவும் கரண்ட் நேராக உள்ளே போகிற பழைய பெட்டி பம்ப் என்றால், இங்கே செருகினால் சீக்கிரமே சுருள் கருகிவிடும். பிளக் மாற்றி முனையின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டேஜைக் குறைக்காது. இந்த ஒரு குழப்பத்தில்தான் நல்ல பம்ப் பல வீணாகிறது.

அப்படிப்பட்ட பம்புக்கு வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பம்ப் 60 வாட் என்றால் 120 முதல் 150 வாட் வரை தாங்குவதாக வாங்குங்கள். ஹேர் டிரையருக்கென்று விற்கும் கைக்கடக்கமான கன்வெர்ட்டர் மோட்டாருக்கு ஆகாது. டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் ஹெர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். காந்தச் சுருள் அதிர்ந்து காற்றடிக்கும் பம்ப் நொடிக்கு அறுபதுக்குப் பதில் ஐம்பது சுழற்சிக்குத்தான் அடிக்கும். மெதுவாக நிரம்பும், கொஞ்சம் சூடாகும். அது கோளாறு இல்லை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம் என்பதால் பம்ப் இழுக்கும் காற்றும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே வெளிநாட்டில் இருந்ததைவிடச் சில நொடி கூடுதலாகக் காத்திருந்து பாருங்கள்.

சுவரில் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே தனி சுவிட்ச் இருக்கும், அதைப் போட வேண்டும். சிரிக்காதீர்கள், வெளிநாட்டில் பழகியவர்கள் மறப்பது இதைத்தான். இரண்டு முள் பிளக் நம் சாக்கெட்டில் லொடலொடவென்று ஆடும். பம்பின் விளக்கு எரியும், மோட்டார் இழுக்கும்போது தொடர்பு விட்டுப்போகும். கரண்ட் போய் அப்பார்ட்மெண்ட் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியில் பம்ப் பாதியில் நிற்கும். சில பம்புகள் அப்போது காற்றை வெளியே விடாது. கால் இறுக்கமாக இருந்தால் குழாயைக் கழற்றி விடுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் நேரடி ஏசி பம்பை ஓட்ட வேண்டாம்; உறுமும், சூடாகும்.

அடாப்டரே தொலைந்துவிட்டால் சதார் பத்ரப்பா சாலையில், அதாவது எஸ்.பி. ரோட்டில், கிடைக்கும். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம். வோல்ட் அச்சு அசலாக அதேதான் வேண்டும், ஆம்பியர் அதேயளவோ கூடவோ இருக்கலாம், நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற படமும் ஒத்துப்போக வேண்டும். உருளை முனை (வெளிவிட்டம் × உள்விட்டம்) 5.5 × 2.1, 5.5 × 2.5 மில்லிமீட்டர் என இரண்டு வகை உண்டு. 2.1-க்கான துளையில் 2.5 முனை உள்ளே போய்விடும், ஆனால் சரியாகப் பிடிக்காது. விளக்கு எரிந்தும் காற்றேறாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

கரண்ட் சரி, பம்பும் ஓடுகிறது, காற்று மட்டும் ஏறவில்லையா? ஜிப் கடைசிவரை ஏறியிருக்கிறதா, குழாய் முனை 'டக்' என்று பூட்டியதா என்று பாருங்கள். ஒரு காலுக்கு மட்டும் போடுகிறீர்கள் என்றால் மறுபக்க வாயை அதற்கான மூடியால் அடைக்க வேண்டிய மாடல்கள் உண்டு. அடைக்காவிட்டால் காற்றெல்லாம் அந்த வழியாகப் போய்விடும். பெட்டியில் மடித்து வந்த குழாய் ஒரு இடத்தில் தட்டையாகி நிற்கும். அதை வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றி, விரலால் உருட்டினால் பழைய வடிவுக்கு வரும். முனையில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வழவழப்புக்குத் துளி சிலிக்கான் கிரீஸ் போதும். தேங்காய் எண்ணெயும் வாசலினும் சிலவகை ரப்பரை உப்ப வைத்துவிடும்.

அடுத்து வலக் குழாயை இடது பூட்ஸிலும் இடக் குழாயை வலதிலும் மாட்டுங்கள். அதே பூட்ஸ் மறுபடி ஏறவில்லை என்றால் ஓட்டை பூட்ஸில். கோளாறு மறு காலுக்குத் தாவினால் குழாயிலோ பம்ப் வாயிலோ. பூட்ஸுக்குள் பாதத்திலிருந்து மேலே வரிசையாகக் காற்றறைகள் இருக்கும். பல மாடல்களில் பாத அறை உரிய அழுத்தத்தை எட்டிய பிறகுதான் காற்று அடுத்த அறைக்குப் போகும். ஆகவே பாத அறையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் தொடைவரை முழு பூட்ஸும் செத்ததுபோல் கிடக்கும்.

ஓட்டையைத் தேட, அறை நிரம்பியதும் குழாயை மடித்து இறுகப் பிடித்துக்கொண்டு பம்பை நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, ஓரத் தையல் நெடுக காதை வைத்து வாருங்கள். சந்தேகமான இடத்தில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி கலந்த நீரைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் குமிழி வரும். பம்பில் மட்டும் நீர் படக்கூடாது. சமதளத்தில் உள்ள ஓட்டை என்றால் ஸ்பிரிட்டில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஓட்டையைவிடச் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் பெரிதாக, பின்பக்கம் பசை உள்ள டிபியூ (வளையும் பிளாஸ்டிக், TPU) ஒட்டை ஒட்டி ஒரு நாள் கனம் வையுங்கள். தனியாகப் பசை தடவத் தேவையில்லாத சைக்கிள் பஞ்சர் ஒட்டும் அவசரத்துக்குத் தாங்கும். ஃபெவிக்விக், எம்-சீல் இரண்டும் காய்ந்து விறைத்து, கால் மடங்கும்போது பிளந்துவிடும். ஓரத்தில் சூட்டில் ஒட்டிய தையல் பிரிந்திருந்தால் எந்த ஒட்டும் அதிக நாள் நிற்காது. பூட்ஸை மாற்றத்தான் வேண்டும்.

கிழிந்த குழாய்க்கு, பழைய துண்டையே வெட்டி எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோடு பக்கம் நியூமேட்டிக், அதாவது காற்றழுத்தச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் வெர்னியர் அளவுகோலில் அளக்கச் சொல்லுங்கள். ஞாயிறன்று போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைப்பு. தமிழ் தெரிந்தவர்கள் அங்கே நிறைய உண்டு. தெரியாதவரிடம் 'காளி லீக் ஆக்திதெ' என்றால் போதும். கன்னடத்தில் காளி (gaali) என்றால் காற்று; அம்மனைச் சொல்வதாக நினைத்துத் தயங்க வேண்டாம்.

பம்பைத் திறப்பதற்கு முன் காற்று இழுக்கும் துளையைப் பாருங்கள். பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால் காய்ந்த பழைய பல் துலக்கியால் தட்டி எடுங்கள். அதற்குப் பிறகும் பம்பின் காற்று வெளிவரும் துளையில் விரல் வைத்தால் அழுத்தம் தெரியவில்லை என்றால் உள்ளே காற்றடிக்கும் சவ்வோ (டயாஃபிரம்) வால்வோ போயிருக்கிறது. உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் ஸ்க்ரூவைத் தொடாமல் அப்படியே திரும்பக் கொண்டுபோங்கள். விமானத்தில் திரும்பும்போது, கழற்றி எடுத்த பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். வோல்ட்டை மில்லிஆம்பியர்-மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 100-க்குள் இருந்தால் தொல்லை இல்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.