சந்தா ரத்துத் திரைகளைச் சோதிப்பது எப்படி?

பயனரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளுக்கு 2010இல் பிரிட்டிஷ் திரை வடிவமைப்பு வல்லுநர் ஹாரி பிரிக்னல் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டார். உங்கள் செயலியில் அவை உள்ளனவா என்று அறிய, சந்தாவை ரத்து செய்யும் வழியிலிருந்து தொடங்குங்கள். புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, சேர எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது, விலக எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சேர்வதற்கு இரண்டு தட்டல் போதும், விலகுவதற்கு மட்டும் வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பேச வேண்டும் என்றால், அது கவனக்குறைவால் நேர்ந்தது என்று யாரும் நம்பப்போவதில்லை.

பிறகு பொத்தான்களின் வாசகங்களை வாய்விட்டுப் படியுங்கள். ‘வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை’ என்று மறுப்பவரைக் குத்திக்காட்டும் வரி இருந்தால், அதை ‘வேண்டாம்’ என்று சுருக்கி, ‘சரி’ பொத்தானுக்குக் கொடுத்த அளவையும் நிறத்தையும் அதற்கும் கொடுங்கள்.

முன்கூட்டியே டிக் செய்த பெட்டிகளை உடனே நீக்குங்கள். குக்கீகளுக்கு, அதாவது இணையதளங்கள் பயனரின் கருவியில் சேமிக்கும் சிறு கோப்புகளுக்கு, அவை ஒப்புதலாகா என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

‘சலுகை முடிய பத்து நிமிடமே’ என்று ஓடும் கடிகாரம், பக்கத்தை மீண்டும் திறந்ததும் முதலிலிருந்து ஓடினால், அது பச்சைப் பொய். இவற்றை எடுத்தால் வருமானம் குறையும் என்று விற்பனைப் பிரிவு சொல்லக்கூடும். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களின் எண்ணிக்கையையும் அதே அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.