பழைய வீட்டா வாங்கலாமா? கேம் பட்டியலை வைத்து முடிவெடுங்கள்

சோனியின் கையடக்க கேம் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டாவை இப்போது செகண்ட் ஹேண்டில்தான் வாங்க முடியும். 2011 கடைசியில் ஜப்பானில் வந்தது, 2019இல் தயாரிப்பு நின்றுவிட்டது. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அதற்கு மொத்தம் எத்தனை கேம் இருக்கிறது என்பதை விடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எதிலும் விளையாட முடியாத, நீங்கள் நிச்சயம் விளையாடப்போகிற கேம் எத்தனை?

ஒரு தாளில் ஆசைப்படுகிற கேம்களை எழுதுங்கள். அப்புறம் உங்களிடம் இருக்கும் வேறு கருவியில் ஆட முடிகிறவற்றை ஒவ்வொன்றாக அடியுங்கள். பெர்சோனா 4 கோல்டன்தான் பலரும் முதலில் எழுதும் பெயர். 2012இல் அதற்காகவே வீட்டா வாங்கியவர்கள் உண்டு. ஆனால் 2020இல் அது கணினிக்கு வந்துவிட்டது, 2023இல் சுவிட்ச், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 4க்கும் வந்துவிட்டது. ஃப்ரீடம் வார்ஸும் 2025 ஜனவரியில் மற்றவற்றுக்கு வந்தாயிற்று. இரண்டையும் அடிக்கலாம். கிராவிட்டி ரஷ் பிளேஸ்டேஷன் 4இல் இருக்கிறது. ஆனால் நான் விளையாடுவது பெரும்பாலும் ரயிலில். டிவி முன்னால் உட்கார்ந்தால்தான் ஆட முடியும் என்றால் எனக்கு அது கணக்கில் வராது, அதனால் என் தாளில் அதை விட்டுவைத்தேன். உங்கள் வழக்கம் எதுவோ அதன்படி செய்யுங்கள்.

டேர்அவேயை (Tearaway) மட்டும் அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். அதன் உலகம் முழுக்கக் காகிதம். சில இடங்களில் வீட்டாவின் முதுகில் இருக்கும் டச்பேடை விரலால் அழுத்தினால், திரையில் காகிதத் தரையைக் கிழித்துக்கொண்டு ஒரு விரல் மேலே வரும். அது உங்கள் விரலாகவே தோன்றும். அந்த விரலால் எதிரிகளைத் தள்ளிவிடலாம். 2015இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தபோது இதை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரின் ஒளியை வைத்து வேறு வித்தைகள் செய்தார்கள். அதுவும் நல்ல கேம்தான், ஆனால் வேறு கேம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அடிப்பதற்கு முன்னால், அந்தக் கருவிக்கென்றே செய்தது எது என்று பாருங்கள்.

அன்சார்ட்டட் கோல்டன் அபிஸ், கில்சோன் மெர்சினரி, சோல் சாக்ரிஃபைஸ் மூன்றும் வீட்டாவை விட்டு வெளியே வரவே இல்லை. கில்சோனின் ஆன்லைன் சர்வர்கள் 2022இல் மூடப்பட்டன, தனியாக ஆடும் பகுதிக்காக மட்டும் வாங்குங்கள்.

அடிபடாமல் ஐந்து பெயராவது நின்றால் வாங்குங்கள் என்பேன். இரண்டு மூன்றுதான் என்றால், வைத்திருக்கும் நண்பரிடம் கொஞ்ச நாள் கேட்டு வாங்கி ஆடுங்கள்.

விலை பேசும்போது மெமரி கார்டையும் சேர்த்தே பேசுங்கள். வீட்டா தனக்கென்று செய்த கார்டை மட்டுமே ஏற்கும், சாதா மைக்ரோ எஸ்டி அதில் நேரடியாகப் பொருந்தாது. வீட்டாவுக்கு முன்பு வந்த சோனி கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் பழைய டிஸ்க்குகளைப் போடவும் வழியில்லை, பிஎஸ்பி கேம்களை டிஜிட்டலாகத்தான் வாங்க வேண்டும். முதல் மாடலில் ஓஎல்இடி திரை, நிறங்கள் அள்ளும். இரண்டாவது மாடல் எல்சிடி, ஆனால் எடை குறைவு, மைக்ரோ யூஎஸ்பி கேபிளிலேயே சார்ஜ் ஆகும். எனக்கு முதல் மாடல்தான் பிடிக்கும். எதை எடுத்தாலும் அனலாக் குச்சிகளை எல்லாப் பக்கமும் சுற்றிப் பாருங்கள், முதுகு டச்பேட் மூலைக்கு மூலை வேலை செய்கிறதா என்று கேட்டுச் சோதித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.