பிள்ளைகளுக்குக் கால்நடை மருத்துவரின் கருவிகளை அறிமுகப்படுத்த

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கத்துத் தமிழ் வகுப்புகளில் ஒரு மணி நேரத்தில் இதைச் சொல்லித்தரலாம். முதலில் துணி பொம்மை, பிறகே வளர்ப்பு நாய்.

ஸ்டெதாஸ்கோப்பிலிருந்து தொடங்குங்கள், பிள்ளைகள் விரும்பிக் கேட்பது அதைத்தான். காதில் செருகும் முனைகள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் ஒலி மங்கும். மறுமுனையில் உள்ள வட்டத் தட்டை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒன்றுமே கேட்காவிட்டால் தட்டு மறுபக்கம் திரும்பியிருக்கும், அரைச்சுற்றுத் திருப்பினால் போதும். நாயின் இடது முழங்கை மார்பைத் தொடும் இடத்தில் வையுங்கள். முடி உரசினால் சரசரவென்று கேட்கும். முடியை விலக்கி, தட்டை அசைக்காமல் பிடிக்க வேண்டும். 15 விநாடிக்கு இதயத் துடிப்பை எண்ணி 4 ஆல் பெருக்குங்கள். வளர்ந்த நாய்க்கு நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 140 வரை துடிக்கும், சிறிய நாய்க்குக் கூடுதல்.

வெப்பமானியை பொம்மையில் மட்டும் காட்டுங்கள். மருத்துவர் அதன் முனையில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் வைப்பார். முனை மலத்துக்குள் புதைந்தால் அளவு குறைத்துக் காட்டும், அதனால் உட்சுவரைத் தொடும்படி சாய்த்துப் பிடிப்பார். நாய்க்கு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இயல்பு. பாதரச வெப்பமானி வேண்டவே வேண்டாம், உடைந்தால் ஆபத்து.

ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து, நுனியை மேலே பிடித்துக் காற்றுக் குமிழை வெளியேற்றச் சொல்லுங்கள்.

டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் உண்டு. தெருநாயை எக்காரணம் கொண்டும் தொட விடாதீர்கள்.