மாஜோங் தாளில் மன்னரும் நாடாளுமன்றமும்: மாலை வகுப்புக்கு ஒரு வழி

சுங்கை சிப்புட் பக்கம் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) படிவம் ஆறு பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர்களே, இங்கிலாந்தை ஆண்ட டியூடர், ஸ்டூவர்ட் வம்சங்களின் வரலாற்றை மன்னர் பட்டியலாக மனப்பாடம் செய்ய விடாதீர்கள். பணம் போன தடத்தைப் பிடியுங்கள். நாடாளுமன்றம் வளர்ந்த விதம் தானே விளங்கும்.

மூன்று மாஜோங் தாளை (வகுப்பில் எழுதி ஒட்டும் பெரிய தாள்) நீளவாக்கில் ஒட்டி, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் 1485 முதல் 1701 வரை 216 சென்டிமீட்டர் கோடு போடுங்கள். கீழே சிவப்பில் மன்னர்கள்; மேலே நீலத்தில் நாடாளுமன்றம் கூடியிருந்த காலம் மட்டும். நீலம் திட்டுத்திட்டாகத்தான் விழும். அன்று மன்னர் அழைத்தால்தான் அது கூடும், கலைத்தால் போயிற்று. முதலாம் எலிசபெத்தின் 44 ஆண்டு ஆட்சியில் 13 கூட்டத்தொடர்தான். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், கோலாலம்பூரில் உள்ளதுபோல் அங்கும் எந்நேரமும் ஓர் அவை இருந்ததாகப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள்.

எட்டாம் ஹென்றிக்கு ஒரே குறிப்பு போதும்: மடங்களின் நிலத்தைப் பறித்தார், போர்ச் செலவுக்கு அதில் பெரும்பகுதியை விற்றார். நிலையான வாடகை வருமானம் அரச குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. வாங்கிய நாட்டுப்புறச் செல்வர்கள் பலர் மக்களவையில் உட்கார்ந்தார்கள்.

நேரத்தை முதலாம் சார்ல்ஸுக்கு ஒதுக்குங்கள். 1629 முதல் 1640 வரை மேலே 11 சென்டிமீட்டர் வெறுந்தாள். அதை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்துக்குக் கீழேதான் கப்பல் வரி வரும்: நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கடற்படைக்கென்று மன்னர் வாங்கிய பணம். ஆபத்துக் காலத்தில் கடலோரம் மட்டும் கட்டிவந்ததை 1635-இல் உள்நாட்டுக்கும் விரித்தார். நாட்டுப்புறச் செல்வர் ஜான் ஹாம்டன் கட்ட மறுத்த தொகை வெறும் 20 ஷில்லிங். வழக்கு நடந்தது; 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம். அற்பத் தொகைக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். சம்பளச் சீட்டைக் காட்டுங்கள்: ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தம் சட்டப்படி வருவது. சட்டமே இல்லாமல் இன்னொரு பிடித்தம் விழுந்தால், ஐந்து வெள்ளியானாலும் லயம் முழுக்கப் பேச்சாகும்.

இரண்டு இடத்தில் மதிப்பெண் போகும். சார்ல்ஸின் தலை விழுந்தது 1649 ஜனவரி 30; அன்று ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால் பழைய ஆவணங்கள் 1648 என்று சொல்லும். அடுத்து, 1628-இன் உரிமை மனுவையும் 1689-இன் உரிமைச் சட்டத்தையும் குழப்புவது. முன்னது மன்னர் ஒப்புக்கொண்டும் மீறிய மனு. பின்னது சட்டம், நாடாளுமன்றம் தராத வரி செல்லாது என்றது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 96-ஆம் பிரிவும் சட்டத்தின் அதிகாரமின்றி வரி கூடாது என்கிறது. இரண்டையும் அருகருகே வாசிக்க விடுங்கள்.

கடைசியில் தாளைச் சுருட்டிவிட்டு ஒரே கேள்வி: 1640 மே மாதம், நாடாளுமன்றத்தை மூன்றே வாரத்தில் கலைத்த மன்னர் நவம்பரில் ஏன் மறுபடி கூட்டினார்? சமயச் சண்டை என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். வட இங்கிலாந்தில் புகுந்த ஸ்காட்லாந்துப் படைக்கு நாளொன்றுக்கு 850 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது என்பதும் வந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள்.