நடு நிரலைப் பாருங்கள்

மருமகள் அமெரிக்காவிலிருந்து கோல் எடுத்திருந்தாள். அவள் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் அரச கணக்கைச் சரிபார்க்கும் கணக்காய்வாளரையும் மக்கள்தான் நாலு வருடத்துக்கொருமுறை வாக்குப் போட்டுத் தெரிவு செய்வார்களாம். 1889 இல் மாநிலமான காலத்திலிருந்தே அப்படித்தான். "உங்களுக்கு ஆர் மாமா?" என்று கேட்டாள்.

இலங்கையில் நமக்குக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி. வாக்கு இல்லை, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு ஜனாதிபதி நியமிக்கிறார். 1799 இல் வெள்ளைக்காரன் தொடங்கிய கந்தோர். ஆனால் அவருடைய ஆட்கள் உங்கள் பிரதேச சபையின் கணக்கையும் பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். அதை நீங்கள் வாங்கிப் படிக்கலாம். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு சபையில் 26 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் சொல்கிறேன்.

முதலில் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சபைக்கே போய் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். எந்த வருடத்து அறிக்கை என்று தெளிவாக எழுதுங்கள். ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் எழுதி எடுக்கத்தான் வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். "அவர் லீவு, நாளைக்கு வாங்க" என்று ஒரு கந்தோரில் என்னையே மூன்று தரம் திருப்பினார்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

சரி, அறிக்கை கைக்கு வந்துவிட்டது. முதல் பக்கத்தில் "முனைப்பழியான அபிப்பிராயம்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். குறிப்பிட்ட சில விடயங்களைத் தவிர மற்றக் கணக்கு சரி என்பதுதான் கருத்து. அதைவிட உள்ளே போங்கள். மூன்று நிரல் போட்ட அட்டவணைகள் வரும்: கணக்காய்வு அவதானிப்பு, சபையின் கருத்துரை, சிபாரிசு.

எல்லாரும் முதல் நிரலைப் பார்த்துவிட்டுக் கொதிப்பார்கள். நான் நடு நிரலைத்தான் பார்ப்பேன், ஏனென்றால் அதை எழுதிக் கொடுத்த கை இது. ஐயவினா, அதாவது கணக்காய்வாளர்கள் விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதம், வந்த நாளில் கந்தோரில் ஒருவருக்கும் தேத்தண்ணி இறங்காது. சந்தைக் கடை வாடகை நிலுவை ஏன் அறவிடவில்லை என்று கேட்டிருப்பார்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது" என்று எழுதுவோம். அடுத்த வருடமும் அதே கேள்வி, அதே பதில். கடிதத்தின் திகதியை மட்டும் மாற்றுவேன். "எதிர்காலத்தில் கவனத்திற் கொள்ளப்படும்" என்றால் ஒருவரும் தொடவில்லை என்று எடுங்கள். மாறாகப் பதிலில் ஒரு திகதியும் தொகையும் இருந்தால் யாரோ உண்மையாக வேலை செய்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு வருடத்து அறிக்கை போதாது. அடுத்தடுத்த இரண்டு வருடம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2023 பங்குனியிலிருந்து 2025 தேர்தல் வரை அநேகமாக எல்லாப் பிரதேச சபைகளிலும் உறுப்பினர்களே இருக்கவில்லை, செயலாளர்கள்தான் நடத்தினார்கள். அந்தக் காலத்து அறிக்கையென்றால் பதில் சொன்னவர் யார் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டு வருடமும் ஒரே பதில் வந்த இடத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டு, அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, வரவு செலவுத் திட்டம் வருவதற்கு முதல் உங்கள் வட்டார உறுப்பினர் கையில் கொடுங்கள். வாக்குப் போட்டது அவருக்குத்தானே.