ஆற்று நன்னீர் நண்டுகளின் இனக்கூட்ட அமைப்பை அறிவது எப்படி?

ஓர் ஆற்றில் நண்டுகள் தழைக்கின்றனவா, தேய்கின்றனவா என்பதை வெறும் எண்ணிக்கை சொல்லிவிடாது. குஞ்சுகள் எத்தனை, வளர்ந்தவை எத்தனை, ஆணும் பெண்ணும் எந்த விகிதத்தில் உள்ளன என்று பார்க்க வேண்டும். கடல் நண்டின் இளவுயிரி (லார்வா) நீரோட்டத்தில் நெடுந்தொலைவு பரவும். நன்னீர் நண்டுக்கோ அப்பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுவதால், முழு உருவக் குஞ்சே வெளிவந்து, சில காலம் தாயின் வயிற்று மடலுக்குள் (உடலின் அடியில் மடங்கியிருக்கும் பகுதி) தங்கியிருக்கும். ஆகவே ஓரிடத்துக் குஞ்சுகள் பெரும்பாலும் அங்கேயே பிறந்தவை எனக் கொள்ளலாம்.

படி 1: இடம்

சென்னைப் பகுதியை எடுத்துக்கொண்டால், கூவம், அடையாறு ஆகியவற்றின் கழிமுகம் இதற்கு உதவாது. அங்கு உவர்நீர் நண்டுகளே கிடைக்கும். பூண்டி நீர்த்தேக்கத்துக்குக் கீழே, வயல்களை ஒட்டிக் கொசஸ்தலை ஆறு செல்லும் பகுதி நல்ல தேர்வு. நூறு மீட்டர் கரையை அளந்து குறித்துக்கொண்டு, மாதந்தோறும் அதே நேரத்தில், அதே அளவு உழைப்பில் நண்டு பிடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், மதகு திறக்கும் அறிவிப்பு வந்தால் ஆற்றில் இறங்கவே கூடாது.

படி 2: பிடித்தல்

தொடக்கநிலையினர் பலரும் சறுக்கும் இடம் இதுதான். கருவாட்டுத் துண்டு கட்டிய கூண்டை மாலையில் வைத்துக் காலையில் எடுத்தால், அகப்படுபவை பெரும்பாலும் பெரிய நண்டுகளே; சிறியவை வலைக்கண் வழியே வெளியேறிவிடும். கூண்டை மட்டும் நம்பினால், குஞ்சே இல்லாத ஆறு என்ற பொய்த்தோற்றம் கிடைக்கும். எனவே கல்லடியிலும் நீர்ச்செடிகளின் வேரிலும் ஒரு மணி நேரம் கையால் தேடி, அந்தக் கணக்கைத் தனியே எழுதுங்கள். வளைக்குள் கைவிட்டு நண்டு பிடிக்கும் ஊர்க்காரர்களின் லாகவம் வியப்புக்குரியது. ஆனால் வளையில் பாம்பும் இருக்கலாம் என்பதால், பழகாதவர்கள் அதை முயல வேண்டாம்.

படி 3: பால் அறிதலும் அளத்தலும்

கொடுக்கு எட்டாதவாறு பின்புறமாக ஓட்டின் இரு பக்கமும் பிடித்து, நண்டைத் திருப்புங்கள். வயிற்று மடல் குறுகியிருந்தால் ஆண். அடிப்பகுதியை மூடும் அளவுக்கு அகன்று வட்டமாக இருந்தால் வளர்ந்த பெண். இளம் பெண்ணின் மடலும் குறுகியே இருக்கும் என்பதால், சிறிய நண்டுகளில் இடுக்கியால் மடலை மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும்: ஆணுக்குக் குச்சி போன்ற இரண்டு இணை உறுப்புகளும், பெண்ணுக்கு மயிரடர்ந்த நான்கு இணை உறுப்புகளும் இருக்கும். அப்போதும் ஐயம் தீராவிட்டால் 'பால் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதியது பின்னால் கணக்கைக் கெடுக்கும்.

மேலோட்டின் மிக அகன்ற இடத்தை வெர்னியர் அளவியால் அளந்து, முட்டையோ குஞ்சோ சுமக்கிறதா, ஓடு மென்மையாக உள்ளதா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இனத்தை உறுதிசெய்ய ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு வல்லுநர் ஒருவரை நாடுவதே சரி.

படி 4: வரைபடம்

ஓட்டை அவ்வப்போது கழற்றிவிடும் நண்டுக்கு வயது காட்டும் வளையம் எதுவும் மிஞ்சுவதில்லை. அளவே நமக்குக் கிடைக்கும் தடயம். அகலத்தை 5 மி.மீ. இடைவெளிகளாகப் பிரித்து, ஆண், பெண் இரண்டுக்கும் தனித்தனிச் செவ்வகப் படம் வரையுங்கள். ஒவ்வொரு முகடும் ஒரே பருவத்தில் பிறந்த கூட்டமாக இருக்கலாம். அது மாதந்தோறும் வலப்பக்கம் நகர்ந்தால், அதுவே வளர்ச்சி.

படி 5: பால் விகிதம்

100 நண்டுகளில் ஆண் 60, பெண் 40 என்று வைத்துக்கொள்வோம். சமமாக இருந்தால் தலா 50. இரண்டிலும் வேறுபாடு 10; அதன் வர்க்கம் 100. எதிர்பார்த்ததிலிருந்து கணக்கு எவ்வளவு விலகியுள்ளது என்று காட்டும் கை வர்க்க மதிப்பு 100/50 + 100/50 = 4. இது 5 விழுக்காட்டு நிலைக்கான எல்லையான 3.84ஐ விட அதிகம்; அதாவது, விகிதம் உண்மையில் சமமாக இருந்தால் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே விகிதம் சமமன்று எனக் கொள்ளலாம்.

படி 6: மொத்த எண்ணிக்கை

39 நண்டுகளின் ஓட்டில் நகப்பூச்சால் அடையாளமிட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டு, பிறகு பிடித்த 49இல் 9 அடையாளத்துடன் இருந்தால், மூன்று எண்களுடனும் 1 கூட்டிக் கணக்கிட, (40 × 50 ÷ 10) − 1 = 199 என்பது மதிப்பீடு. ஓடு கழன்றால் அடையாளமும் போய்விடும். ஆதலால் இரண்டாம் பிடிப்பைச் சில நாள்களுக்குள் முடித்துவிடுங்கள்.